இரும்புப் பெட்டிக்குள் கரடி

கரடியைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மூன்று பேர் கூடி ஒரு விளையாட்டு விளையாடினார்கள். கெரம் போர்ட் மாதிரியோ காட்ஸ் மாதிரியோ இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கதை சொல்பவர் சொல்வார். நினைத்த காரியம் சரிவருமா வராதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு டைஸ் சொல்லும். பெரிய எண் விழுந்தால் சரிவரும், சின்ன எண் விழுந்தால் வராது. அவ்வளவுதான் விளையாட்டு. வளர்ந்த மனிதர்கள் இதை மூன்று மணித்தியாலம் செய்வார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை செய்யும் பிள்ளை. வவுனியாவிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அறை எடுத்து இருந்தாள். இருபத்தெட்டு வயது. அவளுக்குக் காய்ச்சல் வந்து, நான் வேலை செய்யும் டிஸ்பென்சரிக்கு வந்தபோதுதான் பழக்கமானோம். அங்கே நான் நம்பர் கொடுப்பவள். துண்டில் நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். டொக்டர் மணியடித்ததும் அடுத்த நம்பரைக் கூப்பிட வேண்டும். பிறகு மருந்தை உறையில் போட்டு, எத்தனை நேரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு அந்தக் கதிரையில் இருந்தவள், இன்னும் எழும்பவில்லை. என் குரல் பின்வரிசை வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்பதில்லை. "மிஸ், ஹய்யென் கியன்ன" என்று, பலமாகச் சொல்லும்படி யாராவது சிங்களத்தில் சத்தம் போடுவார்கள். நான் அடுத்த நம்பரைக் கொஞ்சம் பலமாகச் சொல்வேன். அதற்கடுத்த நம்பருக்குள் குரல் பழையபடி இறங்கிவிடும்.

காய்ச்சல் சுகமான பிறகு ஒரு நாள் அவள் கேட்டாள். "அக்கா, ஞாயிறு பின்னேரம் சும்மாவோ?"

"ஏன் பிள்ளை?"

"எங்கட கேமுக்கு ஒராள் குறையுது. நீங்க ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. சும்மா வந்து இருந்தாக் காணும்."

கதைக்கத் தேவையில்லை என்றதால்தான் போனேன். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. ஞாயிறு பின்னேரம் என்றால் அண்ணி ஒரு வாரத்து உடுப்பை மடிக்கக் கொண்டுவந்து என் கட்டிலில் கொட்டுவா. சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்றபோது அவ என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தா. எனக்குச் சிநேகிதி இருப்பாள் என்று அவ நினைத்திருக்கவில்லை.

விளையாட்டில் கரடியாக இருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டாராம். அவருடைய சி.ஆர். கொப்பியை, தடித்த அட்டை போட்ட நோட்டை, என் முன்னால் வைத்தார்கள். அதில் அவருடைய எழுத்தில் அந்தப் பாத்திரத்தைப் பற்றி எல்லாம் இருந்தது. அவள் ஒரு பெண். மலைக்காட்டில் சூனியக்காரி ஒருத்தியின் சாபம் பட்டவள். யாராவது அவளை அவமானப்படுத்தினால் உடனே டைஸ் உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் கோபத்தை அடக்கிக்கொண்டாள் என்று அர்த்தம். பத்துக்குக் கீழே விழுந்தால் கரடியாகிவிடுவாள். கரடி முதலில் கோபப்படுத்தியவனைக் கொல்லும். அதற்குப் பிறகு பக்கத்தில் யார் நின்றாலும் அடிக்கும். தன் ஆள், பிற ஆள் என்று பார்க்காது.

"இத வேற ஆருக்காவது குடுக்க ஏலாதோ?" என்று அந்தப் பிள்ளையின் காதுக்குள் கேட்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே ஆள் எடுத்திட்டம் அக்கா. நான் கள்ளி. அங்கிள் வாள்வீரன்."

அங்கிள் என்றது அந்த வீட்டுக்காரரை. யாழ்ப்பாணத்து ஆள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை மனைவி கோயிலுக்குப் போனதும் மேசை எங்களுடையது. கதை சொல்பவர் மாளிகாவத்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அச்சகத்தில் வேலை. நாற்பது வயது இருக்கும். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். மந்திரவாதியாகக் கதைத்தாலும் ராசாவாகக் கதைத்தாலும் மாளிகாவத்தைப் பேச்சு அவரை விட்டுப் போகாது.

மூன்றாவது ஞாயிறு, கதையில் ஒரு சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொள்ளைக்காரன் ஒருவன் வந்து என் தட்டைத் தட்டிவிட்டான். உருட்டினேன். இரண்டு விழுந்தது.

"அக்கா, கரடி இப்ப என்ன செய்யிது?" என்று கதை சொல்பவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். "மேசையைத் தூக்குது" என்றேன்.

"எந்த மேசைய?"

"எல்லா மேசையையும்."

மூவரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. இன்னும் சொல்லு என்கிற சிரிப்பு. நான் சொன்னேன். மேசை யன்னலை உடைத்துக்கொண்டு போனது. கொள்ளைக்காரன் கூரை வளையில் தொங்கினான். வாள்வீரரின் விலா எலும்பு இரண்டு முறிந்தது. சொல்லி முடித்தபோது என் தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. வீட்டுக்காரர் தன் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, உங்களைப் பாத்தா ஆரும் சொல்ல மாட்டினம்" என்றார்.

அன்றிலிருந்து என்னை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவர்களுடைய பெரிய வேலை. வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க ஆபத்துகளை எடை போட்டவர். கரடிக்கும் அப்படியே ஓர் ஏற்பாடு செய்தார். சண்டை என்றால் நான் கடைசியாக நடக்க வேண்டும். காலில் ஒரு மணி கட்டப்பட்டது. கள்ளியின் பையில் எப்போதும் தூக்க மூலிகை இருந்தது. எல்லாவற்றையும் விட வேடிக்கை, என் காதுபட யாரும் யாரையும் ஏசக் கூடாது என்ற சட்டம். அதனால் எங்கள் வாள்வீரர் வழிப்பறிக்காரர்களிடம்கூட மெதுவாகக் கதைக்க வேண்டியிருந்தது.

"தம்பி, கழுத்தை வெட்டுறதெண்டா வெட்டும். ஆனா மரியாதையாக் கதைச்சு வெட்டும். பின்னால எங்கட ஆள் ஒராள் நிக்கிறா."

"ஏன், அவ உங்கட வைஃபா?" என்று கதை சொல்பவர் வழிப்பறிக்காரன் குரலில் கேட்பார்.

"ஐயோ, அதுக்குமேல."

இதை எழுதத்தான் வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டிலும் டிஸ்பென்சரியிலும் என்னை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் கோபப்பட்டால் என்ன நடக்கும் என்று எவரும் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். இங்கே மூன்று பேர் ஒவ்வொரு காலடிக்கும் என்னை யோசித்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அடுத்த ஞாயிறு என்ன ஆகும் என்று கதைத்துக்கொண்டு வருவோம். புறக்கோட்டையில் இறங்கிக் கொட்டாஞ்சேனை பஸ் ஏறும்வரை கதைப்போம். அவ்வளவு கதை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

எட்டு மாதம் இப்படிப் போனது. அதுவரை நான் உருட்டிய ஒவ்வொரு எண்ணும் உண்மை.

பிறகு ஒரு வியாழக்கிழமை டிஸ்பென்சரியில் முப்பத்தோராம் நம்பர்க்காரர் தன் முறையைத் தவறவிட்டார். நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நாற்பதாம் நம்பர் உள்ளே போன பிறகு வந்து துண்டை நீட்டினார். நான் கூப்பிட்டதாகச் சொன்னேன். அவர் துண்டைக் கசக்கி என் முகத்தில் எறிந்தார். "கட்டக் நெத்த?" என்று கேட்டார். உனக்கு வாய் இல்லையா என்று. வாங்கில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நான் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டேன். குனிந்து துண்டை எடுத்து, மேசையில் வைத்துச் சுருக்கம் நீக்கி, நாற்பத்தொன்று என்று மாற்றி எழுதி அவரிடம் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு, கதையில் நாங்கள் ஒரு பட்டணத்தின் வாசலுக்கு வந்திருந்தோம். பெரிய கேற். கேற்றில் ஒரு காவல்காரன். கதை சொல்பவர் அவனுக்கு ஒரு சோம்பல் குரல் வைத்திருந்தார். எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னான்.

"நீ ஓரமா நில்லு. உன்ட முறை வந்தா கூப்பிடுவன்."

"ஐயையோ" என்று அந்தப் பிள்ளை வாயைப் பொத்தினாள். "அக்கா, உருட்டுங்கோ."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பின்பக்கம் ரயில் பாதை. ரயில் போகும்போது மேசை நடுங்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுவதற்கு வீட்டுக்காரரின் பழைய செஸ் காய்களை மேசையில் வைத்திருப்போம். வாள்வீரருக்குக் குதிரை, கள்ளிக்குச் சிப்பாய், எனக்குக் கோட்டை. ரயில் சத்தம் கேட்டதும் அவரவர் ஒரு கையால் தங்கள் காயையும் மறு கையால் தேத்தண்ணீர்க் கோப்பையையும் பிடித்துக்கொள்வார்கள். ரயில் வரும்போது டைஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது செல்லாது, திரும்ப உருட்ட வேண்டும். நின்றுவிட்டால் செல்லும்.

என் டைஸ் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் ரயில் வந்தது. பதினேழு. தெளிவாகத் தெரிந்தது. மூவரும் தலையைக் குனிந்து காயையும் கோப்பையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் போனது. "என்ன விழுந்த, அக்கா?" என்று கதை சொல்பவர் கேட்டார். "ரயிலுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி" என்றேன். அது உண்மை. "நாலு."

சொல்லிக்கொண்டே டைஸைக் கையில் எடுத்துவிட்டேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என்னை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

காவல்காரனை எப்படிக் கொன்றேன் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீளமாகச் சொன்னேன். கதை சொல்பவர் ஒரு கட்டத்தில் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகு அவர் மேசையைப் பார்த்தார். என் கோட்டைக்குப் பக்கத்தில் சிப்பாய் நின்றது.

"நானோ?" என்றாள் அந்தப் பிள்ளை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கரடியின் அடிக்கு உருட்டினேன். இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள். பத்தொன்பது. அதில் பொய் இல்லை. கதை சொல்பவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார். "வலது கை. மணிக்கட்டோட."

அவள் இரண்டு வருடமாக அந்தக் கள்ளியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பூட்டுத் திறப்பதுதான் அவளுடைய வித்தை. தன் கொப்பியில் பக்க ஓரங்களுக்குப் பூக்கள் கீறி, தான் திறந்த பூட்டு ஒவ்வொன்றையும் படமாக வரைந்து வைத்திருந்தாள். "அக்கா, எனக்கு அந்தக் கைதானே தொழில்" என்றாள். பிறகு, "பரவாயில்ல, டைஸ் தானே" என்றாள். பிறகு கொப்பியை மூடினாள்.

"இது இனிச் சரிவராது" என்றார் வீட்டுக்காரர்.

அவர் வாள்வீரராகப் பட்டணத்துக்குள் போய்க் கொல்லனிடம் ஓர் இரும்புப் பெட்டி செய்வித்தார். ஒரு ஆள் குந்தி இருக்கலாம், நிமிர முடியாது. மூச்சுவிட நாலு ஓட்டை. கரடி பெண்ணாக இருக்கும் நேரம் பார்த்து என்னை உள்ளே வைத்துப் பூட்டி, மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பூட்டின் சாவியென்று வீட்டுக்காரர் தன் அலுமாரிச் சாவி ஒன்றைக் குதிரைக்காய்க்குக் கீழே வைத்தார். வெளியே கதைப்பது உள்ளே கேட்கும். உள்ளே கதைப்பது வெளியே கேட்காது. கதை சொல்பவர் அப்படித்தான் தீர்மானித்தார்.

அதனால் நான் கதைக்கக் கூடாது. மூன்று மணித்தியாலம் மேசையில் இருப்பேன். அவர்கள் பாலம் கடப்பார்கள், பேய்களோடு பேரம் பேசுவார்கள், ஒரு கை இல்லாத கள்ளி பல்லால் கயிறு அவிழ்க்கப் பார்த்துத் தோற்பாள். ஏதாவது சொல்ல நான் வாயெடுத்தால் வீட்டுக்காரர் மேசையில் தட்டுவார். "பெட்டி, பெட்டி."

அவர் வேடிக்கையாகத்தான் செய்தார். எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. பற்றிஸ் பலகாரத் தட்டை முதலில் என் பக்கம் தள்ளினார்கள். கதை சொல்பவர் வரும்போது வீட்டில் செய்த வட்டிலப்பம் ஒரு துண்டு எனக்கென்று கொண்டுவந்தார். "உங்கட பிழை இல்ல அக்கா, சாபம்" என்றார். பஸ்ஸில் அந்தப் பிள்ளை கடலை வாங்கிச் சுருளை என் மடியில் வைப்பாள். "யோசிக்காதேங்கோ. எனக்கு இடது கையும் இருக்குத்தானே." நான் இரண்டு கடலை தின்றேன். மிச்சத்தைச் சுருளோடு மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தேன். சொன்னால் நான் கள்ள ஆட்டம் ஆடியவள். டைஸைப் பற்றிப் பொய் சொன்னவளை எந்த மேசையிலும் வைத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த விளையாட்டில் டைஸைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் பெட்டி. போகாமல் விடலாம் என்றால், அந்தப் பிள்ளை இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அடுத்த நாளே வந்து, கோபமா அக்கா என்று கேட்பாள். அண்ணியின் முன்னால் கேட்பாள். போனாலும் மாட்டினேன், நின்றாலும் மாட்டினேன். டிஸ்பென்சரியில் நம்பர் எழுதும்போது பதினேழு வந்தால் கை தயங்கும்.

பெட்டிக்குள் போன நாலாவது ஞாயிறு வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். கதையில் நாங்கள் ஒரு பெரிய ஆற்றின் கரைக்கு வந்திருந்தோம்.

"நான் கடுமையாச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ, தங்கச்சி. இந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு மலை ஏற ஏலாது. ஆத்தில இறக்கி விடுவம். நீங்கள் புதுசா ஒரு ஆளை எடுங்கோ. ஒரு மருத்துவிச்சி, இல்லாட்டி ஒரு பாட்டுக்காரி. உங்கட குணத்துக்கும் பொருத்தம்."

நான் தலையாட்டினேன். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கரடி தண்ணீருக்குள் போனால் அந்தப் பதினேழும் அதோடு போகும். பாட்டுக்காரியாகப் புதிதாகத் தொடங்கலாம். யாருக்கும் தெரியவராது.

"பொறுங்க" என்றார் கதை சொல்பவர். "ஆத்து நடுவுல ஒரு தீவு ஈக்கிது. அதுல ஒரு வைத்தியன். நீங்க அவன்ட மகனக் காப்பாத்தினதுக்கு அவன் கள்ளிக்கு ஒரு வரம் தாரன் எண்டு செல்றான். ஒண்டே ஒண்டு. என்ன வேணும் எண்டு கேக்கிறான்."

வீட்டுக்காரர் கை தட்டினார். "அப்பாடா. கை வந்திட்டுது."

அந்தப் பிள்ளை தன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை இல்ல" என்றாள். "அக்காட சாபத்தை எடுக்கச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? கை இல்லாமல் நீர் என்ன கள்ளி?"

"ஓம் அங்கிள். ஆனா பிழை செய்யாத ஆளைத்தானே பெட்டிக்குள்ள வச்சிருக்கிறம். ஒரு மாசமா அவ வாய் திறக்கேல்ல. எனக்குப் பாக்க ஏலாமக் கிடக்கு. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான், கதைக்கத் தேவையில்லை எண்டு சொல்லி. இப்ப உண்மையாவே கதைக்க விடாம வச்சிருக்கிறம்."

"நல்லா யோசிச்சீங்களா?" என்று கதை சொல்பவர் கேட்டார். "எழுதினா அழிக்க மாட்டன்."

"யோசிச்சிட்டன். எழுதுங்கோ."

அவர் பென்சிலை எடுத்தார்.

"பொறுங்கோ" என்றேன்.

வீட்டுக்காரர் மேசையில் தட்டினார். "பெட்டி, பெட்டி."

"பொறுங்கோ எண்டு சொல்லுறன்!"

குசினியில் எதுவோ ஒரு மூடி அதிர்ந்தது போல இருந்தது. என் குரல் அவ்வளவு வரும் என்று நான் அறியேன். கதை சொல்பவரின் பென்சில் நின்றது.

"கேற்றடியில விழுந்தது நாலு இல்ல" என்றேன். "பதினேழு."

கதை சொல்பவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு வீட்டுக்காரர் மெதுவாக, "கண் மங்கலோ தங்கச்சி? அந்த டைஸில எழுத்து நல்லாச் சின்னன். எனக்கும் ஆறும் ஒன்பதும் மாறுறது" என்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வெளியே போய்விடலாம்.

"கண் நல்லாத் தெரிஞ்சது, அண்ணை. பதினேழைப் பாத்திட்டுத்தான் நாலு எண்டு சொன்னனான்."

"ஏன்?" என்றாள் அந்தப் பிள்ளை.

முப்பத்தோராம் நம்பரைச் சொல்ல நினைத்தேன். அது அவளுடைய கைக்கு ஒரு காரணமாக வரவில்லை. "அவன் என்னை ஓரமா நில்லு எண்டான்" என்று மட்டும் சொன்னேன்.

"அது நான் சும்மா சென்ன கதை, அக்கா" என்றார் கதை சொல்பவர். அவருடைய முகம் சிறுத்துப்போனது. என்னை அவரே நேரில் அவமானப்படுத்தியது போல.

"அப்ப என்ர கை?"

"நீங்க பக்கத்தில நிண்டதை நான் பாக்கேல்ல."

"மேசையில கண்ணுக்கு முன்னால நிண்டனான், அக்கா."

அதுவும் சரிதான். சிப்பாய் என் கோட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. நான் பார்க்க விரும்பியிருந்தால் பார்த்திருப்பேன்.

வீட்டுக்காரர் எழும்பி பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே கதைத்தார். "பொய் கிளெய்ம் பிடிக்கிறதுதான் என்ர வேலையாயிருந்தது. காலை நொண்டிக்கொண்டு வருவினம், அழுதுகொண்டு வருவினம். முகத்தைப் பாத்தே சொல்லுவன். உங்களை நான் ஒரு நாளும் பாக்கேல்ல. பாக்கத் தேவையில்லாத ஆள் எண்டு நினைச்சிட்டன்."

எழும்பிப் பையை எடுத்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள் அந்தப் பிள்ளை. குரலில் ஒன்றும் இல்லை. "இன்னும் கேம் முடியேல்ல."

நான் இருந்தேன்.

"வைத்தியன் இன்னும் நிக்கிறான்" என்றார் கதை சொல்பவர், பென்சிலைத் திரும்ப எடுத்து. "என்ன வரம்?"

"கை" என்றாள். "என்ர வலது கை."

அவர் எழுதினார். அழிக்க முடியாதபடி அழுத்தி எழுதினார். வீட்டுக்காரர் திரும்பி வந்து இருந்தார். குதிரைக்காய்க்குக் கீழே இருந்த சாவியை எடுத்து அந்தப் பிள்ளையின் பக்கம் தள்ளினார்.

"பெட்டி உம்மட பொறுப்பு. திறக்கிறதோ ஆத்தில விடுறதோ நீர் சொல்லும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"சாவி வேண்டாம். கை வந்திட்டுது. பூட்டு எனக்குத் திறக்கத் தெரியும்." சாவியை அவரிடமே திருப்பித் தள்ளினாள். "ஆத்திலயும் விட வேண்டாம். இண்டைக்குத் திறக்கவும் இல்ல."

அன்று ஐந்து மணிவரை விளையாடினார்கள். வண்டியில் பெட்டியோடு ஆற்றைக் கடந்தார்கள். யாரும் பற்றிஸ் தட்டை என் பக்கம் தள்ளவில்லை. நானே எட்டி ஒன்றை எடுத்துத் தின்றேன். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

பஸ்ஸில் அவள் முன்னால் ஒரு கிழவர் பக்கத்தில் போய் இருந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி எல்லாம் போனது. அவள் ஒரு முறையும் திரும்பவில்லை. புறக்கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனை பஸ் நிற்கும் இடத்துக்கு அவள் வேகமாக நடந்தாள். நான் பத்தடி தள்ளி நடந்தேன். சந்தியில் அவள் நின்றாள்.

"அக்கா."

"ஓம் பிள்ளை."

"இனி வராம மட்டும் இருந்திடாதேங்கோ. நீங்க வராட்டி அந்தப் பெட்டி வெறும் பெட்டி. நான் ஆரோட கோவிக்கிறது?"

"வருவன்."

"கதைக்கவும் கூடாது. பெட்டிச் சட்டம் பெட்டிச் சட்டம்தான்."

"ஓம்."

"நான் சரியான கோவத்தில இருக்கிறன். விளங்குதா?"

"விளங்குது."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். கட்டிலில் கிடக்கும் உடுப்புகளைத் தள்ளிவிட்டுப் போகிறேன். என்னுடைய டைஸை இப்போது வீட்டுக்காரர் வைத்திருக்கிறார். அது நியாயம். அவருக்கு என்னில் இன்னும் கோபம் ஆறவில்லை, ஆனால் நான் வந்ததும் என் கதிரையை இழுத்து வைக்கிறார். கதை சொல்பவர் வண்டி குலுங்கும்போது, "பெட்டிக்குள்ள ஈக்கிற ஆளுக்குத் தல இடிச்சீக்கும்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்கிறார். அவ்வளவுதான் கதையில் என் பங்கு.

இன்றோடு ஏழு ஞாயிறு. அந்தப் பிள்ளை புதுக் கையால் மலைக்கோட்டையின் இரட்டைப் பூட்டைத் திறந்துவிட்டாள். செத்த ராசாவின் கல்லறையைத் திறந்தாள். வாயில்லாத பெட்டகம் ஒன்றை, எங்கே பூட்டென்று தெரியாமலே தடவித் தடவித் திறந்தாள். ஒவ்வொன்றையும் கொப்பியில் வரைகிறாள். வரைந்து முடித்ததும் கொப்பியை மேசையில் சுற்றிக் காட்டுகிறாள். என் முன்னால் வரும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் வாய் திறக்காமல் பார்க்கிறேன். என் பூட்டை அவள் இன்னும் வரையவில்லை.